ஈரம் அளக்கும் பெட்டியில் கட்டாக் கருவாடு

நாகேந்திரத்துக்கு மூக்கு ஒரு சாபம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் அந்த அடுக்குமாடியின் மேல்தட்டில் குடியிருந்துகொண்டே, கீழ்வீட்டில் நேற்றைய சாம்பாரை இன்றைக்குச் சூடுகாட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். பிறவிச் சைவம். யாராவது மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்துவார். பொரிக்கப் போகிறார்கள் என்றாலும் சாத்துவார்.

அப்பேர்ப்பட்டவருடைய அறைக்குள் சில கிழமைகளாக ஒரு நாற்றம் வந்து குடியேறியிருந்தது. செத்த எலி சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு மறுபடியும் செத்ததுபோல ஒரு நாற்றம். முதலில் கால்வாயைச் சந்தேகித்து மாநகரசபைக்கு டெலிபோன் எடுத்துத் திட்டினார். பிறகு ரயில் பாதையைத் திட்டினார். கடைசியில் கடலுக்கே வயிற்றுக்கோளாறு என்ற முடிவுக்கு வந்தார். மொட்டைமாடியில் இரண்டு காகங்கள் அந்த மணத்துக்கு மயங்கி விழுந்து, தெளிந்தபின் பறக்கத் தைரியமில்லாமல் தெஹிவளை வரை நடந்தே போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"இஞ்சருங்கோ, உங்கட மூக்கைக் கழட்டி மேல இருக்கிற அந்தப் பெட்டிக்குள்ள வையுங்கோவன். எனக்கும் நிம்மதி" என்றாள் மனைவி அருந்ததி.

பெட்டி என்று அவள் சொன்னது, மொட்டைமாடியில் நாகேந்திரம் நட்டுவைத்திருந்த வெள்ளைப் பெட்டியை. நான்கு பக்கமும் சாய்சட்டம், இரட்டைக் கூரை, இடுப்பளவு கால்கள். வெயில் படாது, மழை படாது, காற்று மட்டும் போய்வரும். உள்ளே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி. பக்கத்தில் ஒரு ரேடியோக் கம்பம். கீழே கார் நிறுத்துமிடத்தின் கடற்பக்க மதிலில் இன்னொரு ஈரமானி. இரண்டிலிருந்தும் வயர் அவருடைய கட்டில் தலைமாட்டுக்கு வந்தது. படி ஏறாமலே, படுத்தபடி வானத்தின் ஈரம் பார்க்கலாம். தொலைத்தொடர்பில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வுபெற்றவருக்கு அதைவிடப் பெரிய சுகம் கிடையாது.

அந்தச் சுகத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. போன மாதம் பின்னேரங்களில் டெலிபோன்களில் குரல் இழுபட்டது, ரேடியோ கொரகொரத்தது. எல்லாவற்றுக்கும் நாகேந்திரத்தின் கம்பமும் பெட்டியும்தான் காரணம் என்று குடியிருப்பாளர் சங்கம் கண்டுபிடித்தது. சங்கத் தலைவர் தயாபரன் புறக்கோட்டையில் மின்விசிறிக் கடை வைத்திருந்தார். ஆகவே மின்சாரம், காற்று இரண்டிலும் அவர் சொல்வதே முடிவு.

"நாகேந்திரம் அண்ணை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில முடிவெடுப்பம். கழட்டத்தான் வேணும் எண்டு சனம் நிக்குது."

"பெட்டி ஒண்டும் செய்யேல்லை, ஐஸே. ஈரம் செய்யிற வேலை. கடலுக்கு மேல ஈரக்காத்துப் படுத்திருக்க, அதுக்கு மேல காய்ஞ்ச காத்து வந்து மூடி போட்டால், மேல போற ரேடியோ அலை வளைஞ்சு கடலோட ஓடும். அக்கரை இந்திய ஸ்டேஷன் இஞ்ச வந்து எங்கட ஸ்டேஷன்ர தலையில ஏறி இருக்கும்."

"அப்பிடியெண்டால் எப்ப வரும் எண்டு முன்கூட்டிச் சொல்லிக் காட்டுங்கோ. சொன்ன நாளில வந்தால் பெட்டி நிக்கட்டும்."

"ஓம்" என்று நாகேந்திரம் வாக்குக் கொடுத்துவிட்டார். பெட்டியைத் தூக்கினால் வைக்க வேறிடமில்லை. தெஹிவளையில் மகளும் அடுக்குமாடியில்தான்; அவள் வீட்டுக்குக் கூரைக்குப் பதிலாக மேலே இன்னொருவருடைய வீடு இருந்தது.

முன்கூட்டிச் சொல்வது பெரிய வித்தையல்ல. கீழ்க்கருவி ஈரம் காட்ட, மேற்கருவி உலர்வு காட்டினால் மூடி விழப்போகிறது என்று அர்த்தம். ஆனால் மேற்கருவி நூறு வீதம் ஈரம் என்றது. காலம் தப்பிப் பெய்த மழை நாட்களில் நூறு சரிதான். மழை விட்ட பிறகும் நூறு. உச்சி வெயிலிலும் நூறு. அந்தக் கணக்குப்படி வெள்ளவத்தையின் கீழ்ப்பாதி கரையிலும் மேற்பாதி கடலுக்குள்ளும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே நூறு. நாகேந்திரம் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு படி ஏறினார்.

ஏற ஏற நாற்றமும் எதிரே இறங்கி வந்தது. பெட்டிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே கட்டா மீன். பிளந்து, உப்பிட்டு, கருவியின் கம்பியிலேயே வரிசையாகக் கொழுவியிருந்தது. மழையில் காயவும் இல்லை, அழுகி முடியவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நின்று வியர்த்துக்கொண்டிருந்தது. அந்த வியர்வை சொட்டுச் சொட்டாக ஈரமானியின் தலையில் விழுந்தது. ஈரமானியில் ஒரு புழு ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. ஈக்கள் சாய்சட்டத்தில் காற்று வாங்கின. நாகேந்திரம் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னா அங்கிள், அதைத் தொறந்து வைக்காதீங்க. காக்கா வரும்" என்றபடி வந்தான் பேர்னாட். மூன்றாம் மாடிக்காரன், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவன். வங்கியில் உத்தியோகம்.

"தம்பி, இது ஆற்ற?"

"நம்மடதுதான். மம்மி கொட்டாஞ்சேனையில இருந்து அனுப்புனது. சரியாக் காயல்ல அங்கிள், மழைதானே."

"இதுக்குள்ள ஏன் வைச்சனீர்?"

பேர்னாட் அவரை வியப்போடு பார்த்தான். "வேற எதுக்கு அங்கிள் இது? காத்துப் போகுது, மழை படாது, பூனைக்கு எட்டாது, காக்கா வாய் வைக்க ஏலாது. உள்ள கொழுவக் கம்பியும் வச்சிருக்கீங்க. ரூஃப்ல வச்சா எல்லாருக்கும் பொதுதானே. அங்கிள் சைவம், ஆனாலும் நமக்காகக் கருவாட்டுப் பெட்டி செஞ்சு தந்திருக்காருன்னு மம்மிகிட்ட எவ்வளவு பெருமையாச் சொன்னேன் தெரியுமா?"

வாயைத் திறந்தால் நாற்றம் நாக்கில் படும். எடுத்துப் போகும்படி நாகேந்திரம் கையால் சைகை காட்டினார். பேர்னாட் மனம் நொந்து மீன்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அதன்பின் நடந்தது தீட்டைப் போக்கும் துடக்குக் கழிப்பு. தேசிக்காய், மஞ்சள், டெட்டோல், வெந்நீர். கருவியின் தலையை மாற்றினார். தன்னையும் ஏறக்குறைய அதே முறையில் கழுவிக்கொண்டார். மத்தியானம் கட்டிலில் சாய்ந்து பார்த்தால் மேலே ஈரம் சரிந்து விழுந்திருந்தது. கீழே கனத்துக் கிடந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அவர் தன் ஆயுளில் கண்டதில்லை. உடனே தயாபரனுக்கு அழைத்தார்.

"இண்டைக்குப் பின்னேரம் வரும்."

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. பேர்னாட் தன் கருவாட்டுக்கு நேர்ந்ததை எல்லோரிடமும் முறையிட்டுவிட்டு ஒரு மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். தயாபரன் ரேடியோவோடு வந்திருந்தார், நாகேந்திரத்துக்காக அல்ல. பேத்திக்கு அன்று பிறந்தநாள். வாழ்த்து நிகழ்ச்சியில் பெயர் வாசிப்பார்கள். கடல் எண்ணெய் தடவியதுபோல அசையாமல் கிடந்தது. சூரியன் இறங்கியது.

"அடுத்து வெள்ளவத்தையிலிருந்து, தனது முதலாவது பிறந்தநாளைக் கொண்டாடும்..." என்றது ரேடியோ. தயாபரன் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார்.

"...ஆட்டின் சாணத்தில் வெள்ளை வெள்ளையாகப் புழு தெரிந்தால், வெறும் வயிற்றில் மருந்து கொடுக்க வேண்டும்" என்று அக்கரைக் குரல் ஒன்று தெளிவாகச் சொன்னது. பிறகு அந்தப் புழுவின் நீளம், நிறம், அது எந்த வழியால் வெளியேறும் என்பதையெல்லாம் நிதானமாக விளக்கியது. தயாபரன் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆடு வந்தது. பேத்தி வரவேயில்லை.

நாகேந்திரம் எழுந்து நின்றார். "சொன்ன நாள். சொன்ன நேரம்."

ஒருவரும் கை தட்டவில்லை. தயாபரன் ரேடியோவை அணைத்துவிட்டு விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"போன மாதம் இழுத்தது. பேர்னாட் கருவாடு வைச்ச பிறகு இழுக்கேல்லை. இண்டைக்கு நீங்கள் கருவாட்டை எடுத்தீங்கள், ஆடு வந்திட்டுது."

"அது மழை, ஐஸே. மழையில மூடி விழாது."

"மழை விட்டு எத்தினை நாள். நேற்றும் கருவாடு இருந்தது, நேற்றும் ரேடியோ நல்லாத்தான் பாடினது."

"நேற்றுக் காத்து..." என்று நாகேந்திரம் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. பேர்னாட் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணை நிரூபிச்சுப் போட்டார். சொன்ன சொல் சொல்லுத்தான், பெட்டி நிக்கட்டும். ஆனால் உள்ள எந்நேரமும் கருவாடு இருக்க வேணும்" என்றார் தயாபரன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அருந்ததியுடைய கையும். கருவாட்டைக் கழற்றி அவமதித்தவர் நாகேந்திரம் ஆகையால், இனி வாங்கிப் போடுவதும் அவர் பொறுப்பு என்று பேர்னாட் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். அதுவும் நிறைவேறியது.

மறுநாள் காலை கொட்டாஞ்சேனைச் சந்தையில், வாயையும் மூக்கையும் துவாயால் கட்டிக்கொண்ட ஒருவர் கருவாட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினார். கையில் ஒரு சின்ன ஈரமானி. குவியல்களில் அதைக் குத்தி, எண்ணைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அடுத்த குவியலுக்குப் போனார்.

"ஐயா கருவாடு வாங்க வந்தீங்களா, இல்ல அதுக்குக் காய்ச்சல் பாக்க வந்தீங்களா?" என்றாள் கடைக்காரி ராக்கம்மா.

"ஈரமே இல்லாததாத் தாங்கோ. வானத்துக் கணக்கில இதின்ர ஈரத்தைக் கழிக்க வேணும்."

அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சந்தையில் பலவிதமானவர்கள் வருவார்கள். பலகைபோல் காய்ந்த ஒன்றைத் தட்டிக் காட்டினாள். ஈரமானி திருப்திப்பட்டது.

"நாலு பையில சுத்திக் கட்டித் தாங்கோ."

"கட்டினா புழுங்கிரும் ஐயா. வீடு போறதுக்குள்ள ஈரம் புடிச்சிரும்."

நாகேந்திரம் கருவாட்டைப் பார்த்தார். தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப சும்மாவே தாங்கோ" என்று வலது கையை நீட்டினார்.

பஸ் நிரம்பி வழிந்தது. ஆனாலும் வெள்ளவத்தை வரை அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. முடிந்திருந்தால் அவரும் எழும்பி வேறு இருக்கைக்குப் போயிருப்பார்.