பேரத்தை முறித்தவள்

பாத்திரக்கடைக்காரியிடம் பேரம் பேசி ஜெயித்தவர் அந்தக் கடைத்தெருவில் கிடையாது. வாளி வாங்க வந்தவர், வாளியோடு மூடி இல்லாத டிரம் ஒன்றையும் சுமந்துகொண்டு, ஏதோ தனக்குத்தான் லாபம் என்ற முகத்தோடு போவார். அப்பேர்ப்பட்டவள்தான் அன்றைக்குப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரிடம் வசமாக மாட்டிக்கொண்டாள்.

விஷயம் அவளுடைய மகளைப் பற்றியது. மகளுக்குப் பட்டப்பெயர் குண்டூசி. உடம்பு ஒல்லி, வாய் கூர்மை. பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் ஒத்துழைக்காததால் சக்கர நாற்காலியில்தான் போக்குவரத்து. ஐந்தாம் வகுப்பு வரை கீழ்த்தளம் என்பதால் தொல்லை இல்லை. ஆறாம் வகுப்போ மாடியில். கூடப் படித்த பட்டாளமெல்லாம் காலையில் திடுதிடுவென்று படியேறிவிட, இவள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு கீழேயே தங்கிவிட்டாள்.

"வீட்டிலயே படிக்கட்டுமே" என்றார் தலைமை ஆசிரியர். "பரீட்சைக்கு மட்டும் கூட்டிட்டு வாங்க. பாஸ் போட்டுடலாம்."

"அதெல்லாம் வேண்டாம் சார். ஆறாம் வகுப்பைக் கீழ இறக்குங்க. இவளை மத்தவங்களோட சேர்த்து உட்கார வைக்கணும்னு சட்டமே இருக்காமே?"

"சட்டம் இருக்கும்மா. மாடிப்படியும் இருக்கே! கீழ சின்னப் பிள்ளைங்க வகுப்பு, ஸ்டோர் ரூம், என் ஆபீஸ். வேற எடம் எங்க?"

சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. ஆனால் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? பிடிகொடுக்காத ஆளைக் கண்டதும் அவளுக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டாள்.

"அப்ப சரி சார். நாங்க வேற பள்ளிக்கூடம் பார்த்துக்கறோம்" என்று நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

கடைத்தெருவில் இது அடிப்படைப் பாடம். வாசலைத் தாண்டுவதற்குள் ‘இருங்கம்மா, கோவிச்சுக்காதீங்க' என்று பின்னாலிருந்து குரல் வந்தே தீரும். அவளும் மெதுவாக நடந்தாள். செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றாள். நாற்காலிச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். பின்னாலிருந்து பிஸ்கட் கடிபடும் சத்தம்தான் வந்தது. போனால் போதும் என்று நினைக்கிறவர் எதற்காகக் கூப்பிடப்போகிறார்?

குடையை மறந்து வைத்தவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு அவளே திரும்பி வந்தாள். வலியப் போய் நின்றால் விலை தானாக இறங்கும். இறங்கியது. கடைசியில் வாரத்துக்கு மூன்று நாள், அதுவும் ஸ்டோர் ரூமில். ஓய்வாக இருக்கிற டீச்சர் எட்டிப் பார்ப்பார் என்று பேரம் படிந்தது.

"முடிச்சாச்சா?" என்றார் அவர்.

"முடிச்சாச்சு சார்."

ஒன்றுமே இல்லாததிலிருந்து மூன்று நாள்! பாத்திரக்கடைக்காரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் ஸ்டோர் ரூம் வாசலில் குண்டூசி சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். உள்ளே உடைந்த பெஞ்சுகள், சுண்ணாம்பு மூட்டை, காற்றுப்போன ஃபுட்பால்கள்.

"ஏம்மா, நம்ம கடையில காசு கொடுத்து வாங்கினவங்க, பாத்திரத்தை எடுத்துட்டுப் போறதுக்கு மறுபடி உன்கிட்ட பேரம் பேசுவாங்களா?"

"எதுக்குடி பேசணும்? அவங்க பொருள், தூக்கிட்டுப் போவாங்க."

"அப்ப என் எடத்துக்கு மட்டும் எதுக்குப் பேசின?"

வாயையே முதலாகப் போட்டுத் தொழில் செய்தவள் கிடைத்த லாபத்தை எடுத்துக் காட்டினாள். "மூணு நாள் கெடைச்சிருக்குடி, லேசா?"

"வேற யாருக்காவது மூணு நாள் பள்ளிக்கூடமா? காத்துப்போன பந்தெல்லாம் போட்டு வைக்கிற எடத்துல என்னையும் போட்டு வைக்கிறாங்க. நீயும் சரின்னு வந்துட்ட."

மாடியிலிருந்து ஆறாம் வகுப்பின் சிரிப்புச் சத்தம் இறங்கி வந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று குண்டூசி அண்ணாந்து பார்த்தாள். தாய் தலைமை ஆசிரியரின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் ‘முடிச்சாச்சு' என்று சொல்லியாயிற்றே! கடைத்தெருவில் அந்த ஒரு சொல்லுக்கு அப்பால் பேச்சே கிடையாது. நஷ்டத்துக்கு விற்றாலும் விற்பாளே தவிர, அவள் சொன்ன சொல்லை மாற்றியதில்லை. எப்போதோ மாற்றிய பிளாஸ்டிக் வியாபாரிக்கு இன்றுவரை எவரும் ஒரு டீ வாங்கிக் கொடுப்பதில்லை. அவள் கண்முன் அந்த மனிதர் வந்து போனார். வந்தவரை அப்படியே வழியனுப்பிவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"சார், பேரம் ரத்து."

தலைமை ஆசிரியர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "என்னம்மா இது? நீங்களே முடிச்சாச்சுன்னு சொன்னீங்க. உங்க வாக்குக்குன்னு வெளியில ஒரு மரியாதை இருக்கு. நான் நாலு பேர்கிட்ட சொன்னா என்னாகும்?"

"தாராளமா சொல்லுங்க. மைக் வெச்சே சொல்லுங்க. என்னோடது இல்லாத பொருளை நான் வெலை பேசிட்டேன். அது தப்பு. அது இவளோட எடம். ஆறாம் வகுப்பு கீழ வந்தாகணும்."

"எடம் எங்கம்மா இருக்கு?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அகலமான கதவு, பெரிய ஜன்னல்கள், ஓடுகிற மின்விசிறி. "இதோ இருக்கே."

"இது என் ஆபீஸ்!"

"ஆறாம் வகுப்பு எறங்கினா மாடியில அந்த ரூம் காலிதானே? அங்க போங்க. உங்களுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே சார் இருக்கு?"

வாசலில் நின்ற கிளார்க்குக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"சரி, நாலு நாளா வெச்சுக்கலாம்" என்றார் தலைமை ஆசிரியர்.

அவள் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 

"எல்லா நாளும் வரட்டும். ஸ்டோர் ரூமுக்கு வெள்ளையடிச்சுத் தர்றேன். ஃபேன் மாட்டித் தர்றேன்."

நாக்கின் நுனியில் எதிர்விலைகள் வரிசைகட்டி நின்றன. அத்தனையையும் விழுங்கினாள். ஒரு விலையும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உங்களுக்குக் கடை இல்லையாம்மா?"

"பூட்டிட்டேன். நாளைக்கும் பூட்டுவேன். கல்வி அதிகாரியை வேணும்னா வரச் சொல்லுங்க. அவர் வர்ற வரைக்கும் இவ வகுப்பு இதுதான்."

"அடுத்த வருஷம் பார்த்து ஏதாவது..."

குண்டூசி அதற்குள் மேசையோடு நாற்காலியை ஒட்டி நிறுத்தி, அவருடைய உலக உருண்டையை ஓரமாக நகர்த்திவிட்டுக் கணக்குப் புத்தகத்தை விரித்திருந்தாள்.

"சார், கரும்பலகையை எந்தச் செவுத்துல மாட்டுவீங்க? ஜன்னலுக்கு எதிர்ல வேண்டாம், வெளிச்சம் பட்டு எழுத்துத் தெரியாது."

தலைமை ஆசிரியர் தன்னையறியாமல் திரும்பிச் சுவர்களைப் பார்த்தார்.