கடல் தெரிகிற வீடு

வீடு பார்க்க வந்தவர்கள் மாடிப்படி நெடுக நின்றிருந்தார்கள். ஹோட்டல் சலவைக்கூடத்தில் காலை வேலையை முடித்த கையோடு ஸ்மாரோவும் வந்து நின்றாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"எத்தனை பேருங்க நீங்க?" என்று முன்னால் நின்ற பெண் கேட்டாள்.

"மூணு பிள்ளைங்க, நாங்க ரெண்டு பேர், என் மாமனார்."

"ஆறு பேரா? உள்ள போய் அதை மட்டும் சொல்லிடாதீங்க."

தெசலோனிகி ரயிலடிக்குப் பின்னால், தரைக்குக் கீழே இருந்த இரண்டு அறைகளில்தான் அந்த ஆறு பேரும் இருந்தார்கள். ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். மாமனார் அனெஸ்டிஸ் அடுப்படியில் படுப்பார். சுவரின் ஈரம் அவர் நெஞ்சில் இறங்கி, குளிர்காலம் முழுக்க இருமலாக வெளியே வந்தது.

வீட்டுக்காரி உரானியா கதவைத் திறந்துவிட்டாள். ஸ்மாரோ ஓர் அறையைக் கடந்து இன்னோர் அறைக்குப் போனாள். அதற்கப்பாலும் அறை இருந்தது. கூரை அவ்வளவு உயரம்; அண்ணாந்து பார்த்தபோது தலைத்துணி நழுவியது. கடைசி அறையின் ஜன்னலுக்குக் கீழே மேல்நகரத்து ஓட்டுக் கூரைகள் சரிந்து இறங்கின. அவற்றுக்கும் கீழே கடல். கடலுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஏதோ நின்றது. மேகம் என்று நினைத்தாள். அது நகரவில்லை. ஒலிம்பஸ் மலை.

அவள் பிறந்ததே இந்த ஊரில்தான். பஸ்ஸில் போகும்போது பார்க்காத கடலா? ஆனால் வீட்டுக்குள் நின்றுகொண்டு கடலைப் பார்க்கலாம் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"சுவரெல்லாம் உரிஞ்சு கெடக்கு பாத்தியா?" என்றாள் உரானியா. "எம் மகன் ஏதென்ஸ்ல இருக்கான். எட்டிக்கூடப் பாக்கமாட்டான்."

"என் வீட்டுக்காரர் பெயிண்டர்தாம்மா. நாங்களே அடிச்சுக்கறோம்." ஸ்மாரோ ஒரு கணம் தயங்கினாள். "மூணு பிள்ளைங்க இருக்கு. மாமனாரும் இருக்கார்."

"இருக்கட்டுமே. இந்த வீட்ல சிரிப்புச் சத்தம் கேட்டே வருஷக்கணக்காச்சு. நீங்க பெயிண்ட் வேலையை முடிங்க, அப்புறம் ஒப்பந்தம் எழுதிக்கலாம்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கேதான். அவள் கணவன் பாண்டெலிஸ் சுவரைச் சுரண்டிப் பூசினான், ஜன்னல் கதவுகளை இழைத்தான். நைந்துபோன விரிப்பைப் பெயர்த்தபோது அடியில் சிவப்பும் நீலமுமாகப் பூப்போட்ட பழைய தரை இருந்தது. ஸ்மாரோ முட்டிபோட்டு ஒவ்வொரு பூவாகத் தேய்த்து எடுத்தாள். எந்த அறை யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள்.

ஒருநாள் அனெஸ்டிஸைக் கூட்டிவந்து ஜன்னலோரம் பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைத்தார்கள். கிழவர் கடலுக்கு அப்பால் நின்ற மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா பாண்டெலி," என்றார் கடைசியில். "மலையும் வாடகையில சேத்திதானா?"

"சேத்திதான்பா. அதுக்குத் தனியாக் கேக்கமாட்டாங்க."

பெயிண்ட் காய்ந்த வாரம் உரானியாவின் மகன் அரிஸ்டோஸ் வந்தான். அறை அறையாகப் போய்ப் படம் எடுத்தான்.

"அட்டகாசமா இருக்கு. எங்கம்மாவுக்கு வெவரம் பத்தாது. இதை டூரிஸ்டுக்கு விடப்போறேன்."

பாண்டெலிஸ் அவனை விட்டுவிட்டுக் கிழவியிடம் திரும்பினான். "அம்மா, நீங்க வாக்குக் குடுத்தீங்களே."

உரானியா கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். "வீடு அவன் பேர்ல இருக்குப்பா."

"பெயிண்ட் வாங்கின காசைத் தந்துடறேன்," என்றான் அரிஸ்டோஸ்.

"அப்ப எங்க உழைப்புக்கு?"

"நீங்க குடியிருக்கத்தானே அடிச்சீங்க? நான் ஒண்ணும் கூலிக்கு ஆள் கூப்பிடலையே."

வசந்தத்தில் உரானியா போன் செய்தாள். விருந்தாளிகள் மாறும் நாட்களில் வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டுமாம்.

"போகாதே ஸ்மாரோ. நமக்கும் மானம் இருக்கு," என்றான் பாண்டெலிஸ்.

"மாமாவுக்கு மருந்து வாங்கணும்," என்றாள் அவள்.

ஒரு சனிக்கிழமை, தங்கியிருந்தவர்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். அடுத்தவர்கள் வர மாலையாகும். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஸ்மாரோ வீட்டுக்குப் போன் செய்தாள்.

எல்லோரும் வந்தார்கள். பாண்டெலிஸ்கூட வந்தான். செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு, விரித்துவைத்த படுக்கையில் யாரும் பட்டுவிடாமல், ஜன்னலோரத் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அன்று காற்று தெளிவாக இருந்தது. மலையின் மடிப்புகளில் பனி ஒளிர்ந்தது. கப்பல் ஒன்று நகர்வதே தெரியாமல் நகர்ந்தது. அனெஸ்டிஸ் இருமவில்லை. சின்னவன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, "அம்மா, சத்தமாப் பேசலாமா?" என்று கிசுகிசுத்தான்.

"பேசு, கண்ணு," என்றாள். ஆனால் யாருமே பேசவில்லை.

வெயில் தரையின் பூக்களைத் தாண்டிச் சுவருக்குப் போனபோது எழுந்தார்கள். அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, ஸ்மாரோ துணியை நனைத்துப் பிழிந்தாள். உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்தாள். பிறகு கண்ணாடியில் பதிந்திருந்த சின்ன மூக்கின் தடத்தை.