ஜோக்கிமுக்கு ஒரு கல்லறை

மரித்தோர் திருநாளன்று இத்தாலியின் பலெர்மோவில் சனம் எட்டிப் பார்க்காத சேமக்காலை ஒன்று உண்டென்றால், அது கடற்கரைப் பக்கம் இருக்கும் இங்கிலாந்துக்காரரின் சேமக்காலைதான். மற்ற இடங்களில் அன்றைக்குக் கால் வைக்க இடமிராது. வீட்டுவேலைக்கு இந்த ஊருக்கு வந்த செலஸ்ரீனா அந்த இடத்தைத் தெரிந்தெடுத்ததும் அதற்காகத்தான். அது வேறு சபைக்காரரின் மண் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவளுடைய தம்பி ஜோக்கிமுக்கு எந்த மண்ணும் இல்லையே! தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவனைக் கடல் திருப்பித் தரவில்லை. ஒரு மெழுகுதிரி கொளுத்தி அழ, அக்காக்காரிக்கு ஒரு கல்லாவது வேண்டாமா?

மதிலோரம், சைப்பிரஸ் மரத்தடியில், பாசி ஏறி எழுத்தே தெரியாமல் ஒரு கல்லறை கேட்பாரற்றுக் கிடந்தது. ஊரில் செய்வதுபோலவே அதைக் கழுவி, போகாத பாசிக்கு மேலேயே சுண்ணாம்பு அடித்து, கறுப்பு மையால் ஜோக்கிம் என்று தமிழில் எழுதிவிட்டாள். காவல்காரக் கிழவன் அவளைச் சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டான். அவளும் அதைத் திருத்தப் போகவில்லை. இப்படியே ஐந்து வருசம் ஓடியது.

தொண்ணூற்றாறில் வந்தது வில்லங்கம். பல்லரோ சந்தையில் மெழுகுதிரியும், பிள்ளைகளுக்கு வாதுமை மாவில் செய்த இனிப்புப் பழங்களும் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்குச் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்கு இனிப்பு வைப்பார்கள் என்பது இந்த ஊர் வழக்கம். அவளுடைய பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வந்து பார்த்தால், ஜோக்கிமுக்கு முன்னால் நெட்டையாக ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். கையிலிருந்த, இடம் காட்டும் கீறல் படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கிறார்.

மனுசனின் பெயர் றோபேட். கன்னியர்மடத்தில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அவள் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: இங்கிலாந்தில் அவருடையது முந்நூறு பேர்கூட இல்லாத ஒரு சின்னக் கோயிற்பங்கு. அங்கே பிறந்த ஒவ்வொருவரும் எங்கே போனார், எங்கே புதைக்கப்பட்டார் என்று தேடி ஊரின் வரலாற்றை எழுதுகிறார். எல்லாரும் அகப்பட்டாயிற்று. அவருடைய பூட்டனாரின் தம்பி ஒருவன் மட்டும் பாக்கி. கப்பலில் போனவன் பலெர்மோவில் செத்தான், மதிலோரம் சைப்பிரஸ் மரத்தடியில் கிடக்கிறான் என்று படம் சொல்கிறது. இந்த எழுத்து என்ன, நீங்கள் அவனுடைய வழித்தோன்றலா என்று ஆவலோடு கேட்டார்.

செலஸ்ரீனாவுக்கு மண்டை விறைத்துப்போயிற்று. செத்து நூறு வருசத்துக்கு மேலான ஒருவனைத் தேடி இந்த மனுசன் பிளேன் ஏறி வந்திருக்கிறார். பூசை வைப்பீர்களா என்று கேட்டாள். இல்லையாம். மெழுகுதிரி? அதுவும் இல்லையாம். பிறகு கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறார்?

"இது என்ரை தம்பியின்ரை பேர்," என்றாள். "ஆனா அவன் இஞ்சை இல்லை."

எங்கே என்று கேட்டார்.

"கடலிலை."

இப்போது மண்டை விறைப்பது றோபேட்டின் முறையாயிற்று. பிறகு, சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும் எழுத்தைப் பார்க்கலாமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். ஜோக்கிமுக்கு இருந்த ஒரேயொரு இடம் இதுதான். ஆனால் எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? அவருடையதும் ஒரு தம்பிதானே.

வேறொருவர் கை படுவதை அவளால் தாங்க முடியாது. காவல்காரனிடம் வாளியும் தூரிகையும் வாங்கிவந்து தானே தேய்த்தாள். முதல் எழுத்து கரைந்தபோதே அழுகை வந்துவிட்டது. தம்பியை இரண்டாம் தடவை தொலைக்கிறேனே என்று வாய்விட்டே அழுதாள். றோபேட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

சுண்ணாம்பும் பாசியும் போய் எழுத்துத் தெரிந்தது. இருவரும் குனிந்தார்கள்.

கிளாறா. வயது மூன்று.

அவளுடைய தம்பியுமில்லை, பூட்டனாரின் தம்பியுமில்லை. றோபேட் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். மதிலோரம் சைப்பிரஸ் மரங்களுக்கு அங்கே குறைவா என்ன! தன்னுடைய ஆள் எங்கே என்று, அவள்தான் ஒளித்துவைத்ததுபோல அவளிடமே கேட்டார். அவளுக்கென்ன தெரியும்? அவளுடைய ஐந்து வருச மெழுகுதிரியே ஆருக்குப் போனதென்று தெரியாமல் நிற்கிறாள். கேவலம், வேலைவீட்டுச் சிஞ்ஞோராவின் சிடுசிடுப்பையும் தன் வீட்டுக்காரரின் குடியையும் ஜோக்கிமிடம் சொல்வதாக நினைத்து, பால்குடி மறந்து கொஞ்சநாளான ஒரு குஞ்சிடமா இவ்வளவு காலமும் ஒப்பித்தாள்?

அந்த நினைப்பில் அழுகையோடு சிரிப்பும் வந்தது. பைக்குள் கைவிட்டு, இனிப்புப் பழங்களில் வடிவான ஒன்றை எடுத்துக் கல்லின்மேல் வைத்தாள்.

இனித் தம்பிக்கு எங்கே போவீர்கள் என்று றோபேட் மெல்லக் கேட்டார்.

"ஏன் போகவேணும்? ஜோக்கிம் பிள்ளையளோடை நல்ல வாரப்பாடு, தூக்கின கையை விடமாட்டான். இஞ்சையே இருக்கட்டும்." ஒரு மெழுகுதிரியை அவரிடம் நீட்டினாள். "உங்கடை ஆளும் இருக்கலாம். இடம் காணும்."

மனுசன் அதை வாங்கி, எந்தப் பக்கம் மேலே என்று தெரியாதவர்போல வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பொக்கற்றுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். நெருப்புப்பெட்டி அவரிடம் இல்லை. செலஸ்ரீனாதான் கொடுத்தாள்.