தெரு முனையில் தேர்

இந்த வருடத் திருவிழாவுக்கு வெடி கிடையாது என்று மாதா கோயில் பங்குக் கூட்டத்தில் முடிவாகி, நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் படம் வந்துவிட்டது. நனைந்துபோன புஸ்வாணம் ஒன்று. அதன் உச்சியில் பிராங்க் அண்ணனின் முகம், மீசையோடு. கோயிலில் கீபோர்டு வாசிக்கும் ஜோஸின் வேலை. வரிசையாக எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சும்மா சொல்லக் கூடாது, வயிறு குலுங்கச் சிரித்தேன். ஒரு சிரிப்புப் பொம்மையும் அனுப்பினேன்.

ஏன் சிரிக்க மாட்டேன்? வருடக்கணக்காக வெடி வேண்டாம் என்று கத்தியது நான்தானே. என் மகள் லின்சிக்குப் பதினேழு வயது. ஆட்டிசம். குக்கர் விசில் வந்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். தோளில் தூக்கி வரும் மாதா தேர் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் இறக்கி வைத்துவிட்டுச் சரவெடி கொளுத்துவார்கள். செலவெல்லாம் பிராங்க் அண்ணனுடையது. இவள் கட்டிலுக்கு அடியில் புகுந்து தன் கையையே கடிப்பாள். போன வருடம் ரத்தம் வந்துவிட்டது. அந்தக் காயத்தின் போட்டோவைத்தான் கூட்டத்தில் காட்டினேன். கைகள் உயர்ந்தன. பிராங்க் அண்ணன் மட்டும் எழுந்து, “ஏனுங்க, இது எங்கம்மா நேந்துக்கிட்டதுங்க” என்று ஆரம்பித்தார். யாரோ, “ஓட்டு முடிஞ்சுது, உக்காருங்க” என்றார்கள். உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசையில் அவரைக் காணோம். சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லோரும் கும்பிட்டபடி நாலாபக்கமும் திரும்புவோம் இல்லையா, நானும் பழக்கத்தில் அவர் வழக்கமாக நிற்கும் தூண் பக்கம் திரும்பினேன். தூணைக் கும்பிட்டதுதான் மிச்சம். குரூப்பில் நான் வாய்க்கு வந்ததை எழுதிய வாரங்களில்கூட அந்த மனுஷன் அந்த ஒரு கும்பிடை நிறுத்தியதில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. போதாததற்கு, தேரின் முன் இடது தண்டுக்கு இந்த முறை வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அவர் மீசை அரும்பிய நாளிலிருந்து தோள் கொடுத்த தண்டு அது. ஜோஸைக் கூப்பிட்டு குரூப்பிலிருந்து படத்தை எடுக்கச் சொன்னேன். எடுத்தான். பார்த்தவர்கள் கண்ணிலிருந்து எப்படி எடுப்பது?

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் பீளமேட்டில் அவருடைய லேத் பட்டறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனாலும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, “மொதல்ல தண்ணி குடிங்க” என்று சொம்பை நீட்டினார். எங்கள் ஊர்க் கோபத்தில் இது ஒரு தொல்லை, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்க முடியும். குடித்தேன்.

“நீங்கதான் ஜெயிச்சுப்போட்டீங்களே. அப்பறம் என்னத்துக்குங்க வந்தீங்க?”

“ஜெயிச்சதுனாலதானுங்கண்ணா வந்தேன். தோத்திருந்தா வந்திருக்க மாட்டேன்.”

அவர் கையிலிருந்த கிரீஸைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “பாப்பாவுக்கு ஆகாதுன்னா ஆகாதுதானுங்க. வருசா வருசம் குரூப்புல திட்டுனீங்க. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கறேன், ஒருநா ஊட்டுக்கு வந்து சொன்னீங்களா? நான் பொழைக்க மாட்டேன்னு டாக்டருங்க கைய விரிச்சப்ப அம்மா நேந்ததுங்க அது. அதைச் சொல்லலாம்னு எந்திரிச்சா உக்காருங்கறாங்க. அப்பறம் அந்தப் புஸ்வாணம். எம் மருமக போன்ல பாத்துப்போட்டு, சிரிக்கறதா வேண்டாமான்னு தெரியாம உள்ள போயிருச்சுங்க.”

அந்த மருமகள் உள்ளே போனதை நினைத்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“தப்புதானுங்க. சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. மன்னிச்சுக்குங்க. ஆனா வெடி வேண்டாங்கறதுல நான் மாற மாட்டேனுங்கண்ணா.”

“அது தெரியாதாக்கு.” சிரிப்பு வருவது போல இருந்தது. வரவில்லை.

“நாளைக்குத் தேர் தூக்க வாரீங்களா?”

பதிலுக்கு மெஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் என்ன பேச?

மறுநாள் இருட்டியதும் மெழுகுவர்த்தியோடு, முனையிலேயே இருக்கும் எங்கள் வீட்டு கேட்டருகில் நின்றேன். மற்ற வருடங்களில் இந்நேரம் நானும் கட்டிலுக்கு அடியில் லின்சியைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். தேர் எங்கள் தெருப் பக்கம் திரும்பியது. முன் இடது தண்டில் ஜோஸ். பயல் நெட்டை, மாதா ஒரு பக்கம் சாய்ந்தே வந்தார்கள். வெடி இல்லை என்று தெரிந்தும் முனைக்கு வந்ததும் தூக்குகிறவர்களின் கால் தானாக நின்றது. இறக்கி வைத்தார்கள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த மைக்கும் நின்றுபோனது. அடுத்து என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பின்னால் கதவுச் சத்தம். லின்சி இரண்டு காதையும் பொத்தியபடி வாசலுக்கு வந்திருந்தாள். தேரை அவள் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. மெல்ல ஒரு கையை எடுத்தாள். இன்னும் நம்பிக்கை வரவில்லை போல, இன்னொன்றை எடுக்கவில்லை.

எதிரே டீக்கடை ஓரத்தில் ஸ்கூட்டரில் ஒரு ஆள், ஹெல்மெட்டைக் கழற்றாமல். எவ்வளவு நேரமாக இருக்கிறாரோ. அவர் தேரைப் பார்க்கவில்லை, லின்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி எங்கே வைப்பதென்று அங்குமிங்கும் பார்த்தார், பிராங்க் அண்ணன். நான் கையை நீட்டினேன். கொடுத்தார்.

“ஏன் கண்ணு, தண்ட இப்படியா புடிப்பாங்க? மாதா சாயறாங்க பாரு. தள்ளிக்க.”

“சாரிங்க அங்கிள்,” என்றான் ஜோஸ். அவன் எதற்குச் சாரி சொன்னான் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குனிந்தார். தேர் நேராக எழுந்தது. ஜெபமாலை மறுபடி தொடங்கியது.

லின்சி என் பக்கத்தில் வந்து ஹெல்மெட்டைப் பார்த்தாள். அதை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் தொங்கவிட்டபடி, தேருக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.