குளியலறைக் குச்சி

காட்டு வாசலில் நிற்கும் தீ அபாயப் பலகையின் முள்ளைத் திருப்புவது என் வேலை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு கட்டம். முள் பச்சையில் நின்றால் கூடாரத்துக்குக் கூடாரம் விறகு அடுக்கிக் கொளுத்தலாம். சிவப்பில் நின்றால் தீக்குச்சி கிழித்தாலே அபராதம். வருகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பச்சை என்றால் மேலே மலையில் தீயணைக்க இரண்டே பேர், சிவப்பு என்றால் பத்துப் பேர். அந்த இரண்டு பேரில் ஒருவன் என் தம்பி.

முள்ளை என் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. ஒரு குச்சியைக் கேட்க வேண்டும். துளி ஈரமில்லாமல் காய்ந்தால் சரியாக நூறு கிராம் இருக்கும் மரக்குச்சி. அதை வெட்டவெளியில் கிடத்தி, தினமும் மதியம் எடை போடுவேன். நூற்றுக்கு மேல் எத்தனை கிராமோ, காட்டில் அவ்வளவுதான் ஈரம் என்று அர்த்தம்.

அந்தக் கோடையில் எடை நூற்றைந்துக்கு இறங்கியது, முள் சிவப்புக்குப் போக வேண்டிய எடை. எங்கள் அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. காட்டுக்குள் எழுபது கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறவர் அவர் மனைவியின் தம்பி. மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பது எங்கள் மலையைப் பார்த்துச் சொன்னதுதான். எழுபதிலும் ஆள், எல்லோருக்கும் உட்கார்ந்து பாட நெருப்பு வேண்டும். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர்கள் எரியப்போகிற வீட்டிலேயே பிடுங்குகிறவர்கள்.

திடீரென்று அதிகாரிக்குக் குச்சி திருடு போய்விடுமோ என்று கவலை வந்தது. காட்டுக்கு வந்து குச்சி திருடுகிற அந்த மகா திருடன் யார் என்று நான் கேட்கவில்லை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அதைத் தன் குளியலறை ஜன்னலில் கொண்டுபோய் வைத்தார். மனிதர் ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிப்பார். மறுநாள் எடை நூற்றிருபத்திரண்டு.

"பாத்தியாம்மா, காடு எவ்வளவு குளுகுளுன்னு இருக்குது" என்றார்.

குளுகுளுவென்று இருந்தது அவருடைய துண்டுதான். நான் முள்ளைப் பச்சைக்குத் திருப்பினேன், பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நாலு நாள் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு கூடாரத்து நெருப்பு புல்சரிவில் தாவிவிட்டது. இரண்டே பேர் பச்சைக் கிளைகளால் அடித்து அணைத்தார்கள். தம்பி தண்ணீர் குடிக்க வாசலுக்கு வந்தபோது அவனுக்கு ஒரு பக்கப் புருவம் இல்லை. என்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை.

"நாளைக்கும் பச்சைதானாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

நேரே போய்க் குளியலறையிலிருந்து குச்சியை எடுத்து வந்து வெளியே கிடத்தினேன். மறுநாள் மதியம் எடை நூற்று நாலு. எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், முள்ளைச் சிவப்புக்குத் தள்ளினேன்.

அதிகாரி ஓடி வந்தார், பின்னாலேயே மச்சானும். யாரைக் கேட்டுத் திருப்பினாய், உடனே இறக்கு என்று குதித்தார். எடைக்கு மாறாக முள்ளை இறக்க வேண்டுமானால் அதிகாரியே காரணத்தைத் தன் கைப்பட எழுத வேண்டும் என்பது விதி. பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்து, பேனாவையும் நீட்டினேன்.

"எழுதிக் குடுங்க சார், இப்பவே திருப்பிடறேன்."

பேனாவை வாங்கினார். மலையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் தம்பியின் ஒற்றைப் புருவத்தைப் பார்த்தார். "எழுதுங்க மாமா" என்றார் மச்சான். என் கையெழுத்தை வைத்துக்கொண்டு காட்டையே கொளுத்தத் துணிந்தவருக்குத் தன் கையெழுத்தில் ஒரு வரி எழுத வரவில்லை. நெஞ்சை ஒருமாதிரி பிடிக்கிறது என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.

மாலையில் தம்பி இன்னும் ஒன்பது பேரோடு மலையேறினான். அதிகாரி பத்து நாள் விடுப்பு கேட்டுக் கடிதம் எழுதினார். அதை மட்டும் தன் கைப்பட, அடித்தல் திருத்தல் இல்லாமல், மணிமணியாக எழுதியிருந்தார்.