ஐம்பது பவுண்டு காற்று

ராமேஸ்வரத்துக்குப் பத்து நாள் பயணம். வேதகிரியின் பழைய டீசல் வேன் ஒரு வீடாகவே மாறியிருந்தது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கப் பலகை அடித்திருந்தார்கள். பலகைக்குக் கீழே அரிசி மூட்டை, ஸ்டவ், அண்டா, தண்ணீர் டிரம். இவற்றோடு பதினான்கு பேரையும் ஏற்றினால் பின் டயர் என்னவாகும் என்பதே டிரைவர் ஞானதாஸுக்கு ஒரு வாரமாகக் கவலை. போன மாசியில் பெருநகர் வளைவில் ஒட்டுப்போட்ட டயர் ஒன்று கிழிந்தது. வண்டி காலியாக இருந்ததால் பிழைத்தான். அந்த டயர்களோடு ஆளேற்ற மாட்டேன் என்று இப்போதுதான் முதல்முறையாக முதலாளியை எதிர்த்துப் பேசினான்.

வேதகிரி கோபிக்கவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த முஸ்தபாவின் டயர் கடைக்கு அவரும் கூடவே வந்தார்.

முஸ்தபா வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா முதலாளி, வூட்டையே பேத்து எடுத்துக்கினு போறீங்களா?"

"என் பொண்டாட்டிய விட்டா கெணத்தையும் ஏத்துவா, பாய். நல்லதா குடு."

முஸ்தபா முதலில் எடுத்த டயரைத் தள்ளி வைத்தார். "இது ஆறு பிளை. ஆளுக்குத் தாங்கும், அண்டாவுக்குத் தாங்காது. எட்டு பிளை போடுங்க. உள்ள நூலடுக்கு ஜாஸ்தி."

ஞானதாஸ் அதன் பக்கவாட்டை அழுத்திப் பார்த்தான். கட்டைவிரல் இறங்கவில்லை. நான்கையும் புதிதாகவே போட்டார்கள்.

"தாசு, பின்னாடி காத்து அம்பது பவுண்டு. காலைல வண்டி எடுக்கறதுக்கு முந்தி பாரு. அம்பதுக்குக் கொறையக் கூடாது. சுமைய ரப்பரா தாங்குது? காத்துதான் தாங்குது."

"சரி பாய்."

கிளம்பிய அன்று கத்திரி வெயில். திண்டிவனத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது தார் உருகிக் காலில் ஒட்டியது. ஞானதாஸ் டயரைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். பின்பலகையில் பாத்திரங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த வேதகிரியின் மனைவி ஜெயம்மாள் சிரித்தாள்.

"பொண்ணு பாக்கற மாரி தொட்டுத் தொட்டுப் பாக்கறியே, தாசு."

காற்று அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தான். ஐம்பத்தெட்டு. குறையக் கூடாது என்றுதான் பாய் சொன்னார். ஏறினால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

"எறக்குடா," என்றார் வேதகிரி. "சூட்டுல காத்து ஊதிக்கினு வெடிக்கும்."

கோடையில் எல்லா டிரைவர்களும் செய்வதுதான். ஞானதாஸும் அப்படித்தான் நம்பியிருந்தான். ஐம்பதுக்கு இறக்கினான்.

"இன்னும் ஒரு பத்து எறக்கு. பொம்பளைங்க பின்னாடிதான் கீறாங்க."

நாற்பதில் நிறுத்தினான்.

விக்கிரவாண்டிக்கு முன்னால் இடது பின் டயர் வெடித்தது. வேன் இரண்டு முறை அலைந்து, சாலையோர வாய்க்காலில் பக்கவாட்டாகச் சாய்ந்தது. பலகையோடு தண்ணீர் டிரம்மும் சரிந்து ஜெயம்மாளின் மேல் விழுந்தது. இழுத்து வெளியே போட்டபோது அவளுக்கு மூச்சில்லை. மற்றவர்களுக்குக் காயம்தான்.

ஞானதாஸ் டயரிடம் போனான். தரையில் படும் பக்கத்தில் புது டயரின் ரப்பர் முள்கூடத் தேயவில்லை. பக்கவாட்டு மட்டும் வட்டமாக வெந்து, நூல் கருகிக் கிடந்தது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் மடிப்பில் சுடும். காற்றுக் குறைந்த டயரும் அத்தனை சுமைக்கு அடியில் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்துதான் ஓடியிருக்கிறது. வெடித்தது வெயிலால் அல்ல.

வேதகிரி மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தார்.

"எறக்கியும் வெடிச்சிடுச்சே. இன்னும் கொஞ்சம் எறக்கியிருக்கணும், தாசு."

அவர் அப்படியே நம்பட்டும் என்று ஞானதாஸ் விட்டுவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

காயம்பட்டவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு கல்யாண வேன் நின்றது. ஏற்கெனவே அதில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதன் டிரைவர் வேதகிரி சொன்னதைக் கேட்டுவிட்டு, காற்றை இறக்கத் தன் பின் சக்கரத்தருகே குனிந்து வால்வு மூடியைக் கழற்றினார்.

ஞானதாஸ் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எறக்காதண்ணே."

"வுடுப்பா. கண்ணால பாத்துக்கினுதானே கீறேன்."

"நான் எறக்கினேன். அதனாலதான் வெடிச்சுது. எறக்காம வுட்டிருந்தா அந்தம்மா உசுரோட இருந்திருப்பாங்க."

வேதகிரி தலையை நிமிர்த்தினார். அந்த டிரைவர் மூடியைத் திரும்பப் போட்டு முடிக்கும்வரை ஞானதாஸ் அந்தக் கையை விடவில்லை. பிறகுதான் முதலாளியின் பக்கம் திரும்பினான்.