முந்திக்கொண்டவர்

வளைகுடாவில், ரூவி கடைத்தெருவில் பத்மா வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஹபீபுன்னிசா அந்தச் செய்தியைச் சொன்னாள். டைப்பிஸ்ட் தாமரை கிறிஸ்தவச்சி ஆகிவிட்டாளாம், வெள்ளிக்கிழமை கடலில் ஞானஸ்நானமாம், பாவமெல்லாம் போய்விட்டது என்று சொல்கிறாளாம், முகமே தெளிந்துவிட்டதாம். பக்கத்து ஃபிளாட்டில் இருந்தும் ஹபீபுன்னிசாவுக்குப் பழைய விஷயம் தெரியாது. பத்மா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

போன வருஷம் அவள் பிரசவத்துக்கு மதுரை போயிருந்த மாதங்களில், அவள் கட்டிலில் படுத்தவள் தாமரை. திரும்பி வந்ததும் கணவன் சேதுமாதவனே அழுதுகொண்டு சொன்னான். தாமரை அவன் ஆபீசை விட்டு வேறு ஆபீசுக்குப் போய்விட்டாள். அவன் கொஞ்ச நாளில் பழையபடி சட்டமாகக் காபி கேட்க ஆரம்பித்தான். தூக்கம் போனது பத்மாவுக்குத்தான். அந்தச் சிறுக்கியும் எங்கோ ஓர் அறையில் தூங்காமல் புரண்டுகொண்டிருப்பாள் என்ற நினைப்பு ஒன்றே ஆறுதலாக இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு என்று சொல்லிக் குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு டாக்ஸி பிடித்தாள். கரையில் சின்னக் கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற மலையாளிப் பாஸ்டர், இயேசுவின் ரத்தம் எப்பேர்ப்பட்ட பாவத்தையும் கழுவும், அதற்கு நாம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்றார். வெள்ளைப் புடவையில் தாமரை மூழ்கி எழுந்தாள். மூச்சு வாங்க, வாய் திறந்து குழந்தை மாதிரி சிரித்தாள். கணவனோடு அவளைச் சேர்த்து நினைத்த இரவுகளில்கூடப் பத்மாவுக்கு வயிறு இப்படி எரிந்ததில்லை.

கரையேறிய தாமரை அவளைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு அடங்கியது. யாரோ நீட்டிய துண்டை வாங்காமல் நேரே வந்தாள்.

"நானே வரணும்னு இருந்தேங்க்கா. தைரியம் வரல."

"உன் இயேசு உன்ன மன்னிச்சிட்டாராமே."

தாமரை தலையாட்டினாள்.

"எனக்குத்தானே துரோகம் பண்ணுன. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அவரு எப்படி மன்னிக்கலாம்?"

தாமரை முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "தெரியலக்கா. பாஸ்டர்கிட்ட நானும் இதத்தான் கேட்டேன். 'அவங்ககிட்டயும் போ'ன்னாரு. இயேசு முதல்ல மன்னிச்சதாலதான் உங்க முன்னாடி வந்து நிக்க முடியுது."

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் பத்மாவின் தொண்டைவரை வந்து நின்றது.

"நான் மன்னிக்கல" என்றாள்.

"சரிக்கா."

சொல்லிவிட்டும் தாமரை போகவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பத்மாவின் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. பத்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை.